நிரோதி: புரதத்தின் செயலை மறிக்கும் பொருள்

இலங்கையில் உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு ‘நிரோதி’ பழகிய சொல். நொதியங்கள் பற்றிய பாடத்தில் போட்டிக்குரிய நிரோதி, போட்டியற்ற நிரோதி என்று வரும். திருகோணமலை மாணவர் ஒருவர் மேலதிக வாசிப்புக்குத் தமிழ்நாட்டு நூலைத் திறந்தால் அங்கே தடுப்பான், ஒடுக்கி என்று இருக்கும். எல்லாமே ‘இன்ஹிபிட்டர்’ என்பதற்கு வந்த சொற்கள்தான். ஆனால் மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு புரதத்தோடு பிணைந்து அதன் செயலைக் குறைக்கும் அல்லது நிறுத்தும் வேதிப்பொருளே நிரோதி. புரதம் கலத்துக்குள் அப்படியே இருக்கும். அதன் வேலைதான் நிற்கும். மரபணுவை நீக்கிப் புரதத்தையே இல்லாமல் செய்வது வேறு முறை. அதற்கு நாட்கள் ஆகும், அதற்குள் கலம் வேறு வழி தேடிக்கொள்ளும். நிரோதியோ பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். மீளும் வகை என்றால், வளர்ப்பூடகத்தைக் கழுவி மாற்றியதும் விளைவு விலகத் தொடங்கும்.

மீளா வகையும் உண்டு. கந்தளாய், மூதூர் வயல்களில் பூச்சிமருந்தாக அறியப்பட்ட ஓகனோபொஸ்பேற்றுகள், நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசற்றைல்கோலின் எஸ்ரரேஸ் என்ற நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் பங்கீட்டுப் பிணைப்பால் ஒட்டிக்கொள்பவை. நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு இறுகிவிடும், பிறகு மாற்றுமருந்தாலும் அதை அவிழ்க்க முடியாது.

நிரோதி நொதியங்களை மட்டுமே மறிக்கும் என்று எண்ணுவது குறுகிய பார்வை. நிலாவெளிப் பக்கத்துப் பற்றைகளில் ஏறிப் படரும் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கில் கொல்சிசின் உள்ளது. அது ரியூபுலின் புரதத்தோடு பிணைந்து நுண்புன்குழாய்கள் உருவாவதை மறிக்கிறது. நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கள் அமையாததால் கலப்பிரிவு, அவை பிரிவதற்கு முந்திய கட்டமான அனுவவத்தையில் நின்றுபோகும். வெங்காய வேர்நுனியில் நிறமூர்த்தங்களை எண்ணுவதற்கு இதைப் பயன்படுத்துவது அதனால்தான். கொடிய நஞ்சு; கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

இனி வேர். இலத்தீன் ‘இன்ஹிபேரே’ என்றால் உள்ளே பிடித்து வைத்தல், அடக்கிவைத்தல். ‘நிரோதம்’ வடசொல், ‘ருத்’ என்ற வேர் மறித்தல், அடைத்தல் என்று பொருள்படும், ‘நி’ முன்னொட்டு. பௌத்தத்தின் நான்கு உண்மைகளில் மூன்றாவதும் நிரோதமே, அங்கே அது முழு ஒழிவைக் குறிக்கும். இந்தியாவில் அரசின் ஆணுறைக்கு ‘நிரோத்’ என்று பெயர் வைத்ததால் அங்குள்ள வாசகருக்கு இச்சொல் வேறு எதையோ நினைவூட்டும்.

‘ஒடுக்கி’யை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்நாட்டு வேதியியலில் ஒடுக்கம் என்பது ஒக்சியேற்றத்துக்கு எதிரான தாக்கம் (நம் நூல்களில் தாழ்த்தல்). ஆகவே ஒடுக்கி என்றால் தாழ்த்துங்கருவி என்று படித்துவிடுவார்கள். ‘தடுப்பான்’ பீற்றா தடுப்பான் போல வாங்கிகளை அடைக்கும் மருந்துகளுக்குப் போய்விட்டது. தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘செயல்மறிப்பி’ என்பது என் தெரிவு. நிலாவெளி வீதியில் பஸ்ஸை மறித்தால் ஓட்டம்தான் நிற்கும், பஸ் அழியாது. மறித்தல் என்ற வினையில் அந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் இதன் பயன்பாடு எப்படி? எம்ஜி132 என்ற, புரோட்டியசோமை (கலத்தில் வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் அமைப்பு) மறிக்கும் பொருளை எடுப்போம். மூலக்கூற்று நிறை 475.6. தூள் 1 மில்லிகிராமை 210 மைக்குரோலீற்றர் டைமெத்தில் சல்பொக்சைட்டில் கரைத்தால் 10 மில்லிமோலர் இருப்புக்கரைசல் கிடைக்கும். 2 மில்லிலீற்றர் ஊடகத்துக்கு அதில் 2 மைக்குரோலீற்றர் போதும்: 10 மைக்குரோமோலர் நிரோதி, 0.1 சதவீதம் கரைப்பான். நிரோதி சேர்க்காத கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் அதே 0.1 சதவீதக் கரைப்பான் இருந்தாக வேண்டும். கரைப்பானும் கலத்தைப் பாதிக்கும். வழக்கமாக 4 முதல் 6 மணிநேரம் வைப்பார்கள். இரவு முழுவதும் விட்டால் பல கலங்கள் இறக்கத் தொடங்கும், பிறகு நீங்கள் அளப்பது சாவின் விளைவுகளைத்தான்.

இந்தக் கரைப்பான் 18.5 பாகை செல்சியசில் உறையும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வரும் முன் திறந்தால், திருகோணமலைக் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து உள்ளே சேரும். கரைப்பான் நீரை உறிஞ்சும். செறிவும் குறையும், சில நிரோதிகள் சிதையவும் செய்யும். சிறு பங்குகளாகப் பிரித்து மறை 20 பாகையில் வையுங்கள். உறைந்து உருகிய பங்கைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். ஊடகத்தில் விட்டதும் வெண்மையாகக் கலங்கினால் நிரோதி வீழ்படிவாகிவிட்டது, அந்தக் கிண்ணத்தின் முடிவு பயன்படாது.

மிகப் பெரிய தவறு செறிவில் நடக்கிறது. செயலைப் பாதியாக்கும் செறிவைக் கலமில்லாத சோதனைக் குழாயில் அளந்து, அதையே கலத்துக்குப் பயன்படுத்துவார்கள். பிற மூலக்கூறுகளில் பொஸ்பேற்றைச் சேர்க்கும் நொதியங்களான கைனேசுகளின் போட்டிக்குரிய நிரோதிகள், கலத்தின் சக்தி மூலக்கூறான ஏரிபீயோடு (ATP) இடத்துக்குப் போட்டியிடுபவை. செங், புரூசொஃப் இருவரும் 1973 இல் எழுதிய சமன்பாட்டின்படி, பாதியாக்கும் செறிவு = நிரோதி மாறிலி × (1 + ஏரிபீ செறிவு ÷ மிக்கேலிசு மாறிலி). நிரோதி மாறிலி பிணைப்பின் இறுக்கத்தைக் காட்டும்; மிக்கேலிசு மாறிலி என்பது நொதியம் பாதி வேகத்தில் இயங்கும் ஏரிபீ செறிவு. பின்னது 20 மைக்குரோமோலர் என்க. குழாயிலும் ஏரிபீ 20 மைக்குரோமோலர் என்றால் பாதியாக்கும் செறிவு நிரோதி மாறிலியின் 2 மடங்கு. கலத்துக்குள் ஏரிபீ 2 மில்லிமோலர் என்றால் 101 மடங்கு. ஏறக்குறைய ஐம்பது மடங்கு வேறுபாடு! ஊடகத்தில் சீரம் இருந்தால் அதன் அல்புமினும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்காகச் செறிவைக் கண்டபடி ஏற்றவும் கூடாது. ஏற்ற ஏற்ற வேறு புரதங்களும் மறிபடும். எம்ஜி132 கல்பெயின், சில கதெப்சின்கள் ஆகிய வேறு புரதச் சிதைப்பு நொதியங்களையும்கூட மறிக்கிறது. எல்வை294002 என்பது பீஐ3 கைனேசுக்கு என்று விற்கப்பட்டாலும் எம்ரோர், சிகே2 என்ற வேறு கைனேசுகளையும் தொடும். ஆகவே வேதிக்கட்டமைப்பில் வேறான இரண்டாவது நிரோதியாலும் அதே விளைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்: எம்ஜி132 ஓடு, புரோட்டியசோமையே மறிக்கும் எப்பொக்சோமைசின் அல்லது போர்டெசோமிப். இலக்குப் புரதத்தில் நிரோதி பிணையாத விகாரத்தை (மரபணு மாற்றத்தை) புகுத்திய கலத்தில் விளைவு மறைந்தால் அது இன்னும் வலுவான சான்று.

அறிக்கை எழுதும்போது ‘நிரோதி சேர்க்கப்பட்டது’ என்று மட்டும் விடாதீர்கள். பொருளின் பெயர், இறுதிச் செறிவு, கரைப்பானின் சதவீதம், வைத்த நேரம் நான்கையும் எழுதுங்கள். ‘புரதம் நிரோதிக்கப்பட்டது’ என்பதைவிட ‘புரோட்டியசோமின் செயல் நிரோதிக்கப்பட்டது’ என்பதே சரி.