எலக்டோரல் காலேஜ்: தேர்வாளர் குழாம்

அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பின் பெயர் ‘எலக்டோரல் காலேஜ்’. இதிலுள்ள ‘காலேஜ்’ கல்லூரி அன்று. இலத்தீனில் ‘கொலேகியம்’ என்றால் ஒரே பொறுப்பை ஏற்றவர்களின் கூட்டு. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மார் அவைக்கும் அந்தப் பெயர்தான். நம் உச்ச நீதிமன்றச் செய்திகளில் அடிபடும் ‘கொலீஜிய’மும் அதுவே. ‘எலக்டர்’ என்பதும் பழைய பட்டம்தான். புனித ரோமப் பேரரசில் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பேராயர்களும் சிற்றரசர்களும் அப்படி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் ஏழு பேர் என்று 1356-இல் வந்த ‘பொன் முத்திரை ஆணை’ வரையறுத்தது.

அமெரிக்க அரசியலமைப்பில் ‘எலக்டர்கள்’ உண்டு, ‘எலக்டோரல் காலேஜ்’ கிடையாது. பேச்சு வழக்கில் புழங்கிய அந்தத் தொடர் 1845-இல்தான் கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வந்தது.

தமிழில் ‘தேர்தல் கல்லூரி’ என்பது வெறும் பிழை. ‘வாக்காளர் குழு’ பிழையில்லை, ஆனால் குழப்பும். நவம்பரில் வாக்களிக்கும் கோடிக்கணக்கானோரும் வாக்காளர்கள், டிசம்பரில் வாக்களிக்கும் 538 பேரும் வாக்காளர்கள் என்றால் செய்தி புரியாது. முன்னவரை வாக்காளர் என்றும் பின்னவரைத் தேர்வாளர் என்றும் பிரித்துக்கொண்டால் மக்கள் வாக்கு, தேர்வாளர் வாக்கு என்று எழுதவும் எளிது. குழு என்றாலும் போதும். கூடிய திரளைக் குறிக்கும் ‘குழாம்’ இன்னும் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரே குறை, இந்தக் குழாம் ஒருபோதும் ஓரிடத்தில் கூடுவதில்லை.

538 எப்படி வந்தது? கீழவை இடங்கள் 435, செனட் இடங்கள் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-இன் 23-ஆம் திருத்தம் தந்த 3. வெல்ல 270 வேண்டும். கலிபோர்னியாவுக்கு இப்போது 54, டெக்சாஸுக்கு 40. எவ்வளவு சிறிய மாநிலமானாலும் 3-க்குக் குறையாது.

நவம்பரில் மக்கள் வேட்பாளர் பெயருக்கு வாக்களித்தாலும், உண்மையில் தேர்ந்தெடுப்பது அந்தக் கட்சி நிறுத்திய தேர்வாளர் பட்டியலை. 48 மாநிலங்களிலும் தலைநகரிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே முழுப் பட்டியலும் போய்விடும். மெய்ன், நெப்ராஸ்கா மட்டும் விலக்கு: அங்கே மாநில அளவில் வென்றவருக்கு இரண்டு, மீதி தொகுதிவாரியாக. டிசம்பரில், இரண்டாம் புதன் கழிந்து வரும் செவ்வாயன்று தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்தில் கூடி, அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களித்து, ஆறு சான்றிதழ்களில் கையெழுத்திடுவார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் எண்ணும். யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் அதிபரைக் கீழவை தேர்ந்தெடுக்கும். அப்போது மாநிலத்துக்கு ஒரே வாக்கு, 26 வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் அந்த ‘முழுப் பட்டியல்’ விதியில்தான். 2000-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 5.4 லட்சம் வாக்கு அதிகம் பெற்றவர் அல் கோர். புளோரிடாவில் 537 வாக்கில் முந்திய ஜார்ஜ் புஷ் அதன் 25 தேர்வாளர்களையும் அள்ளி 271-ஐத் தொட்டார். கலிபோர்னியாவில் லட்சக்கணக்கில் கூடுதலாக வாங்கினாலும் ஒரு தேர்வாளர்கூட அதிகம் வரமாட்டார். 1876, 1888, 2016 தேர்தல்களிலும் மக்கள் வாக்கில் பின்தங்கியவரே அதிபரானார். தேர்வாளர் தன் கட்சி வேட்பாளரை விட்டு வேறொருவருக்கு வாக்களிப்பது இன்னொரு தொல்லை. 2016-இல் ஏழு பேர் அப்படிச் செய்தார்கள். மாநிலங்கள் அவர்களைத் தண்டிக்கலாம் என்று 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அமெரிக்கச் சாசனத்தில் இல்லாத இத்தொடர் நம் சாசனத்தில், குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றிய 54-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் பொருள் வேறு. அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் தேர்வாளராகவே முடியாது. இங்கே நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தாம் தேர்வாளர்கள். தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176: 1971 மக்கள்தொகையை 234-ஆல் வகுத்து, அதை மீண்டும் ஆயிரத்தால் வகுத்து வந்த எண். நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்கில்லை.