பைப்ளேன்: எத்தனை இறக்கை?

குன்னூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டின் பின்கட்டில் ஒரு மாதிரி விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். பழங்காலச் சாயலில் மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. ஸ்டீன் ஸ்கைபோல்ட் என்ற அசல் விமானத்தில் நாலில் ஒரு பங்கு அளவு. மேல் இறக்கை நுனிக்கு நுனி ஆறடி. பார்க்க வந்த ஏழாம் வகுப்புப் பெண் விரல்விட்டு எண்ணிவிட்டு, "சார், நாலு றெக்கை இருக்கே, இதை ஏன் பைப்ளேன்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

'பை' என்றால் இலத்தீனில் இரண்டு. 'ப்ளேன்' இங்கே விமானம் அல்ல. சமமான பரப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பள்ளிப் புத்தகத்துச் சாய்தளத்தில் இருக்கும் 'தளம்' அதுதான். விமானம் பிறந்த காலத்தில் இறக்கைக்கே ப்ளேன் என்று பெயர். இடது நுனியிலிருந்து வலது நுனி வரை ஒரே பரப்பாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று.

அப்படியே தமிழாக்கினால் 'இருதள விமானம்'. ஆனால் விமானத் தளம் என்றாலே நமக்குச் சூலூர்தான் நினைவுக்கு வரும். தளம் என்றால் வீட்டு மாடியும்கூட. 'ஈரிறக்கை விமானம்' காதுக்கு இனிமை. ஆனால் நம் பேச்சு வழக்கில் காக்கைக்கும் இரண்டு இறக்கை, கோவையில் இறங்கும் சாதாரண விமானத்துக்கும் இரண்டு இறக்கை. இந்த விமானத்தின் தனித்தன்மை எண்ணிக்கையில் இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதில் இருக்கிறது. அதற்கு அடுக்குமல்லி, அடுக்குமாடி என்று நாம் தினமும் புழங்கும் சொல் இருக்கிறதே! 'ஈரடுக்கு இறக்கை விமானம்' என்பதே என் தேர்வு. மூன்று இருந்தால் மூவடுக்கு. வெறுமனே 'ஈரடுக்கு விமானம்' என்றால் பயணிகள் மேலும் கீழும் உட்காரும் பெரிய விமானம் ஆகிவிடும். இறக்கையை விட்டுவிடக் கூடாது.

ஏன் அடுக்கினார்கள்? ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் சானூட், 1896இல் தம் கிளைடரின் (இயந்திரம் இல்லாமல் மிதக்கும் விமானம்) இரண்டு இறக்கைகளுக்கு நடுவே பாலத்தில் வைப்பதுபோல முட்டுகளை நிறுத்தி, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினார். எடை குறைவு, உறுதி அதிகம். 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்டதும் ஈரடுக்குதான். பரப்பை இரண்டாகப் பிரிப்பதால் இறக்கை குட்டையாகிறது. குட்டை இறக்கை உள்ள விமானம் சட்டென்று பக்கவாட்டில் உருளும். அதனால்தான் குட்டிக்கரணம் போட இன்றும் இந்த வகையை விரும்புகிறார்கள்.

அந்த வித்தைக்குச் செய்தித்தாள்கள் வைத்த பெயர் 'வான் சாகசம்'. 'ஏரோபேட்டிக்' என்பதற்குள் இருக்கும் கிரேக்கச் சொல்லோ நுனிக்காலில் நடப்பவரைக் குறிப்பது. நம்மிடம் கழைக்கூத்து இருக்கிறது. 'வான்கூத்து' எனலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் வான் சாகசம் ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

இப்படி வீட்டிலேயே கட்டும் விமானத்தை ஆங்கிலத்தில் 'ஹோம்பில்ட்' என்பார்கள். அதற்கு மட்டும் 'வீட்டில் தயாரித்த' என்று எழுதாதீர்கள். தயாரிப்பது தொழிற்சாலை வேலை. வீட்டைக் கட்டுகிறோம், படகைக் கட்டுகிறோம், இதையும் கட்டத்தான் வேண்டும். ஸ்கைபோல்ட்டை வரைந்தவரும் ஓர் ஆசிரியர்தான்: டென்வர் நகரத்து லமார் ஸ்டீன். பள்ளி வகுப்பிலேயே உருவாகி 1970இல் பறந்தது. பற்றவைத்த எஃகுக் குழாய் உடல், மர இறக்கை, மேலே இழுத்து ஒட்டிய துணி.

தமிழில் 'கட்டு' என்றால் எழுப்புவதும்தான், பிணைப்பதும்தான். கட்டுமரம் அப்படி வந்த பெயர். பின்கட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். பறக்கும்போது இறக்கை மேலே வளையாமல் பிடிக்க ஒரு ஜோடிக் கம்பி, தரையில் நிற்கும்போது தொங்காமல் தாங்க எதிர்ப்பக்கமாக இன்னொரு ஜோடி. சார் கம்பி முனையில் இருந்த திருகை அரைச்சுற்று திருப்பினார், விரலால் சுண்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். வலப்பக்கக் கம்பி கொஞ்சம் தணிவாக ஒலித்தது. கேள்வி கேட்ட பெண்ணின் கையில் திருப்புளியைக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்.