பேத்தாலஜி என்றால் பரிசோதனைக்கூடமா? ‘ஸ்பீச் பேத்தாலஜி’ – சொல் விளக்கம்

முதுநிலைப் படிப்புகளின் பட்டியலில் ‘ஸ்பீச் பேத்தாலஜி’ என்ற பெயரை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இரண்டு ஐயங்கள் வரும். ரத்தத்தையும் திசுவையும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கும் வேலையா இது? இல்லை, மேடையில் ஏறிப் பேசக் கற்றுத்தரும் படிப்பா? இரண்டும் இல்லை. முதல் குழப்பம் ‘பேத்தாலஜி’யால் வருவது, இரண்டாவது ‘ஸ்பீச்’சால் வருவது. பெயரில் இருப்பதே இரண்டு சொற்கள்தான். இரண்டுமே வழிதப்ப வைக்கின்றன. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தச் சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பொருள். ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று ‘சட்டை’ என்று சொல்ல முயன்று ‘தத்தை’ என்கிறது. அதே வயதில் இன்னொரு பிள்ளைக்கு ஒலிகளெல்லாம் தெளிவாக வருகின்றன, ஆனால் ‘நேற்று நான் போவேன்’ என்கிறது. முன்னதில் சிக்கல் பேச்சில், அதாவது ஒலியை வாயால் உருவாக்குவதில். பின்னதில் சிக்கல் மொழியில், அதாவது சொற்களைப் பொருந்தக் கோப்பதில். பேச்சும் மொழியும் ஒன்றல்ல என்பதே இந்தத் துறையின் முதல் பாடம். இவற்றோடு திக்குதல், குரல் கம்மிப்போதல், பக்கவாதத்துக்குப் பிறகு சொல் நினைவுக்கு வராமல் தவித்தல், பிறரோடு உரையாடிப் பழகுவதில் இடர்ப்படுதல், எல்லாவற்றுக்கும் மேலாக உணவை விழுங்குவதில் வரும் சிக்கல் ஆகியவையும் இந்தத் துறையினர் பார்ப்பவைதான். என்ன கோளாறு என்று மதிப்பிடுவதும் அவர்களே, அதற்குப் பயிற்சி தருவதும் அவர்களே.

ஊரே ‘மளை’ என்று சொல்லும் இடத்தில் வளர்கிற பிள்ளையும் ‘மளை’ என்றால் அது கோளாறு அல்ல, அந்த ஊர் வழக்கு. வழக்கையும் கோளாறையும் பிரித்தறியத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார். இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டமா என்று பார்ப்பது, பன்மொழிச் சூழலில் வேலை செய்ய நினைப்பவருக்கு மிக முக்கியம்.

இனி வேர். ‘பேத்தாலஜி’யில் இருப்பவை இரண்டு கிரேக்கச் சொற்கள்: பேத்தோஸ், லோகோஸ். பேத்தோஸ் என்றால் ஒருவர் படுவது. உடல் படும் துன்பமும் அதுதான், மனம் படும் துன்பமும் அதுதான். ஹோமியோபதி, டெலிபதி என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘பதி’யும் இதே பேத்தோஸ்தான். லோகோஸுக்குச் சொல், பேச்சு, காரணம், அறிவு என்று பல பொருள். அதிலிருந்து வந்ததே ‘இயல்’ என்று நாம் தமிழாக்கும் ‘லஜி’ விகுதி. ‘ஸ்பீச் பேத்தாலஜி’ என்னும்போது பேச்சு என்ற பொருள் தலையிலும் ஒளிந்திருக்கிறது, வாலிலும் ஒளிந்திருக்கிறது.

நம்முடைய ‘நோய்’ இந்தப் பேத்தோஸுக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளை போல இருக்கிறது. நோதல், நோவு, நொந்துபோதல் என்று ஒரே வேரில் கிளைத்த சொற்கள் இவை. சங்கப் பாடல்களில் தலைவி ‘நோய்’ என்று சொல்லும்போது காய்ச்சலைச் சொல்வதில்லை. பிரிவில் தான் படும் துயரத்தைச் சொல்கிறாள். ஆகவே வேரை மட்டும் பார்த்தால் ‘பேச்சு நோயியல்’ என்ற மொழிபெயர்ப்பில் குற்றமே இல்லை. ஆனால் இன்று ‘நோய்’ என்று காதில் விழுந்தால் கிருமியும் மருந்தும்தான் மனத்தில் வருகின்றன. மருத்துவக் கல்லூரியில் ‘நோயியல்’ என்றால் அது பரிசோதனைக்கூடம் சார்ந்த துறை. திக்கிப் பேசும் ஒருவரிடம் ‘உங்களுக்கு நோய்’ என்று சொன்னால் அவர் ஏற்கவும் மாட்டார், அது உண்மையும் இல்லை.

இந்தப் பெயர்ச்சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டும் ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் சொல்ல முடியாத ஒருவரைப் பற்றி எழுதினார். அந்த நிலைக்கு அவர் ‘அஃபேமியா’ என்று பெயர் வைத்தார். 1864-இல் ட்ரூசோ என்ற மற்றொரு மருத்துவர் அது சரியில்லை என்று ‘அஃபேசியா’ என்று மாற்றினார். அதுவே நிலைத்தது. தமிழில் சிலர் இதைப் ‘பேச்சிழப்பு’ என்கிறார்கள். நான் ‘மொழியிழப்பு’ என்பேன். இழந்தது வாயின் திறனை அல்ல. சொல்லைத் தேடி எடுக்கும் திறனை, சில வேளைகளில் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனையும்.

துறையின் பெயருக்கும் இதே கதைதான். 1924-இல் வியன்னாவில் எமில் ஃப்ரோஷல்ஸ் முன்னின்று ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கினார். அவர் பரப்பிய பெயர் ‘லோகோபீடிக்ஸ்’. லோகோஸோடு, பிள்ளையை வளர்த்துப் பயிற்றுவித்தல் என்ற பொருள்கொண்ட ‘பைதேயா’வைச் சேர்த்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘லோகோபெடி’தான். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆர்த்தோஃபனி’ என்கிறார்கள், அதாவது ஒலியை நேராக்குவது. அமெரிக்காவில் 1925-இல் ஒரு சிறு குழு கூடி அமைத்த சங்கத்தின் பெயரில் இருந்தது ‘ஸ்பீச் கரெக்‌ஷன்’, பேச்சுத் திருத்தம். அயோவா பல்கலைக்கழகத்தில் லீ எட்வர்ட் டிராவிஸ் இதை மூளையோடும் உடலியலோடும் இணைத்து ஆராய்ந்தார். 1931-இல் ‘ஸ்பீச் பேத்தாலஜி’ என்ற தலைப்பிலேயே நூலும் எழுதினார். ‘திருத்தம்’ என்றால் பள்ளி வாத்தியார் வேலை போலத் தோன்றுகிறது. ‘பேத்தாலஜி’ என்றால் அறிவியல் போலத் தோன்றுகிறது. ஒரு புதிய துறை மருத்துவத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார விரும்பியதன் சுவடு இந்தப் பெயரில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 1978-இல் அந்தச் சங்கம் தன் பெயரில் ‘லாங்வேஜ்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ‘அமெரிக்கன் ஸ்பீச் அண்ட் ஹியரிங் அசோசியேஷன்’ என்பதன் பழைய சுருக்கமான ‘ஆஷா’ பழகிவிட்டதால் அதை மாற்றவில்லை.

பிரிட்டனில் 1945-இல் அமைந்த ‘காலேஜ்’ (படிக்கும் கல்லூரி அல்ல, தொழில் செய்வோரின் சங்கம்) ‘ஸ்பீச் தெரபிஸ்ட்ஸ்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. பின்னாளில் மொழியும் பெயரில் சேர்ந்தது. ‘தெரபி’யின் கிரேக்க மூலமான ‘தெரபேயா’வுக்குப் பணிவிடை, பேணுதல் என்று பொருள். ஒரே வேலைதான், ஒரு நாட்டில் படும் துன்பத்தை வைத்துப் பெயர், இன்னொரு நாட்டில் செய்யும் பணிவிடையை வைத்துப் பெயர். ஆஸ்திரேலியாவில் ‘ஸ்பீச் பேத்தாலஜி’. இந்தியாவில் இளநிலைப் படிப்பில் கேட்பியலும் (ஆடியாலஜி) இதுவும் ஒரே பட்டமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. முதுநிலையில்தான் தனித்தனியாகப் பிரியலாம். ஆகவே வெளிநாட்டுப் படிப்பைத் தேடுகிறவர் ஒரே பெயரை மட்டும் தட்டித் தேடினால் பாதிப் படிப்புகள் கண்ணில் படாமலே போகும். அமெரிக்காவிலேயே சில துறைகள் ‘கம்யூனிகேஷன் சயின்சஸ் அண்ட் டிஸ்ஆர்டர்ஸ்’ என்ற பெயரில் இதே பட்டத்தைத் தருகின்றன. எம்.எஸ். என்றிருந்தாலும் எம்.ஏ. என்றிருந்தாலும் தொழிலுக்கு வேறுபாடில்லை.

அடுத்த பொறி ‘கிராஜுவேட்’. நம் பேச்சில் கிராஜுவேட் என்றால் பட்டதாரி, முதல் பட்டம் வாங்கியவர். அமெரிக்க வழக்கில் ‘கிராஜுவேட் புரோகிராம்’ என்றால் முதுநிலையும் அதற்கு மேலும். அங்கே இந்தத் தொழிலில் முழுத் தகுதி பெற முதுநிலைப் பட்டமே வாசல். இளநிலை மட்டும் போதாது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் உரிய இளநிலைப் பட்டத்தோடே தொழிலுக்கு வரலாம். ஆகவே ‘முதுநிலை அவசியமா’ என்ற கேள்விக்கு ‘எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள்’ என்பதுதான் பதில்.

தமிழில் எல்லாவற்றையும் ‘அங்கீகாரம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இங்கே மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் இரண்டு ஆண்டும் பணமும் வீண். ‘அக்ரெடிடேஷன்’ படிப்புக்குத் தருவது. இதைத் தர ஏற்பு எனலாம். ‘சர்டிஃபிகேஷன்’ ஆளுக்குத் தருவது, சான்றளிப்பு. ‘லைசன்ஸ்’ என்பது தொழில் செய்ய அரசு தரும் உரிமம். அமெரிக்காவில் முதலாவதைத் தருவது ஆஷாவின் கீழ் இயங்கும் கல்வித் தர ஏற்பு மன்றம், இரண்டாவதைத் தருவது ஆஷா, மூன்றாவதைத் தருவது அந்தந்த மாநிலம். பல்கலைக்கழகம் புகழ்பெற்றதாக இருக்கலாம்; அந்தக் குறிப்பிட்ட முதுநிலைப் படிப்புக்குத் தர ஏற்பு இருக்கிறதா என்பதே கேள்வி. இந்தியாவில் படிப்புகளை ஏற்பதும் பட்டம் பெற்றவர்களைப் பதிவு செய்வதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பொறுப்பு.

‘கிளினிக்கல்’ என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘க்ளினே’ என்றால் படுக்கை. படுக்கையருகே நின்று செய்யும் மருத்துவமே கிளினிக்கல். இந்தப் படிப்பில் ‘கிளினிக்கல் ஹவர்ஸ்’ என்பது படுத்திருப்பவரோடு மட்டும் கழிவதல்ல, பள்ளிக்கூட மேசையருகே குழந்தையோடு உட்கார்ந்திருப்பதும் அதில்தான் சேரும். ஆஷாவின் சான்றுக்கு 400 மணிநேரம் வேண்டும்: 25 மணி நேரம் கவனித்தல், 375 மணி நேரம் நேரடியாகச் செய்தல். பட்டம் பெற்ற பின் குறைந்தது 36 வாரம், 1,260 மணிநேரம் வழிகாட்டியின் கீழ் வேலை. எழுத வேண்டிய தேர்வின் பெயர் ‘ப்ராக்சிஸ்’, கிரேக்கத்தில் செயல் என்று பொருள். ‘அப்ராக்சியா’ என்று ஒரு பேச்சுக் கோளாறு உண்டு. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும், வாய் அசைவை மூளை திட்டமிட முடியாத நிலை. தேர்வறையில் சிலருக்கு வருவதும் கிட்டத்தட்ட அதுதான்.

அந்த 375 மணி நேரம் எங்கே, யாரோடு என்பதில்தான் ஒரு படிப்புக்கும் இன்னொன்றுக்கும் உண்மையான வேறுபாடு. இங்கே இன்னொரு சொல் காலை வாரும்: ‘ப்ளேஸ்மெண்ட்’. கல்லூரி ப்ளேஸ்மெண்ட் என்றால் நமக்கு வேலைவாய்ப்பு. இந்தத் துறையில் ப்ளேஸ்மெண்ட் என்பது பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையிலோ பள்ளியிலோ அமர்த்துவது. களப்பயிற்சி என்பதே சரி. ‘நூறு விழுக்காடு ப்ளேஸ்மெண்ட்’ என்று படித்துவிட்டு வேலை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்க வேண்டியது வேறு: களத்தைத் தேடித் தருவது துறையா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? இணையவழிப் படிப்புகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பாடம் வீட்டிலிருந்தே கேட்கலாம், பயிற்சிக்கு ஆளும் இடமும் வேண்டும். மருத்துவமனையில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர், விழுங்கல் கோளாறுக்குத் தனிப் பாடமும் அதற்கான களமும் உண்டா என்று பார்க்க வேண்டும். பேச்சே வராத குழந்தைகளோடு வேலை செய்ய நினைப்பவர், படப்பலகை, குரல் தரும் கருவி போன்ற மாற்றுத் தொடர்பு முறைகள் பாடத்திட்டத்தில் எத்தனை இடம் பிடித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். படிப்பின் முடிவில் ஆய்வேடா, எல்லாப் பாடங்களையும் சேர்த்து வைக்கும் தேர்வா என்பது முனைவர் பட்டக் கனவு இருப்பவருக்கு மட்டும் பொருட்டு.

மொழியியலோ உளவியலோ படித்துவிட்டு இத்துறைக்கு வருவோர் பலர். அவர்களைப் பேச்சுறுப்புகளின் உடற்கூறு, ஒலியியல், குழந்தைகளின் மொழி வளர்ச்சி, கேட்பியல் போன்ற முன்பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி அந்நியமாக இராது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், காற்று எழுந்து மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் பொருந்தி ஒலி பிறக்கும் முறையைத்தான் சொல்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் அங்கிருந்தே தொடங்கலாம். மேல்வாய்ப் பிளவைப் பலரும் ‘அன்னப்பிளவு’ என்று எழுதுகிறார்கள், அன்னம் பறவை. வாயின் கூரை அண்ணம், எனவே அண்ணப்பிளவு.

சரி, துறைக்குத் தமிழில் என்ன பெயர்? ‘பேச்சு நோயியல்’ ஆகாது, மேலே சொன்ன காரணத்தால். ‘பேச்சுப் பயிற்சி’ மேடைப்பேச்சோடு போய்விடும். ‘பேச்சு மருத்துவம்’ என்றால் மருத்துவர் என்று தவறாக எண்ணுவார்கள். இரண்டு சொல் வேண்டும் என்பது என் கருத்து. படிப்புக்கும் ஆய்வுக்கும் ‘பேச்சு மொழிக் கோளாறியல்’. குறைபாடு என்பதைவிடக் கோளாறு மேல், குறைபாடு ஆளின் மேல் ஒட்டிக்கொள்ளும், கோளாறு செயலின் மேல் நிற்கும். தொழிலுக்குப் ‘பேச்சு மொழிச் சிகிச்சை’, செய்பவர் ‘பேச்சு மொழிச் சிகிச்சையாளர்’. வடசொல் வேண்டாம் என்பவர்கள் சிகிச்சைக்குப் பதில் ‘பண்டுவம்’ என்று எழுதலாம். பேணிப் பார்த்தல் என்ற வாசனை அதில் உண்டு, தெரபேயாவுக்கும் அருகில் வருகிறது. பட்டச் சான்றிதழை மொழிபெயர்க்கும்போது மட்டும் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே கொடுத்துவிட்டு, பக்கத்தில் தமிழ்ப் பெயரை எழுதுவது பாதுகாப்பு.

ஒரு குறை மட்டும் எல்லாப் பெயர்களிலும் மிஞ்சுகிறது. மருத்துவமனைகளில் இந்தத் தொழிலாளர்களின் நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது விழுங்கல் கோளாறு. பக்கவாதம் வந்தவர் தண்ணீரைக் குடித்தால் அது உணவுக்குழாயில் போகிறதா, மூச்சுக்குழாயில் போகிறதா என்று பார்ப்பவர் இவர்தான். பேத்தாலஜி, தெரபி, லோகோபீடிக்ஸ், ஆர்த்தோஃபனி, நான் மேலே சொன்ன கோளாறியல் என எதிலும் அந்த ஒரு வாய்த் தண்ணீருக்கு இடமில்லை.