பலம் பலம் என்று சிமென்ட் பூசாதீர்கள்

பழைய கல் கட்டடங்களைச் சிமென்ட் பூசிக் கெடுப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சென்ற மாதம் அப்படி இன்னொன்று. வட இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் நார்மன் காலத்துத் (11-12ஆம் நூற்றாண்டு) தேவாலயம். கல் இடுக்குகளில் சில ஆண்டுகளுக்கு முன் அடைத்த சிமென்ட். “பலமாக இருக்கட்டும் என்றுதான்...” என்று இழுத்தார் பொறுப்பாளர். விரலால் தொட்டேன். சிமென்ட் கல்லுப்பிள்ளையாராக நின்றது. கல்தான் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

பலம் எது என்று வட இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் போய்ப் பாருங்கள். 1093-இல் தொடங்கி 1133-இல் முடித்த கட்டடம். நடுக்கூடத்துப் பெருந்தூண்களின் உயரம் 6.6 மீட்டர்; சுற்றளவும் அதே. முழுக் கல் என்று நினைத்துப் பலர் அண்ணாந்து வியக்கிறார்கள். செதுக்கிய மணற்கல் வெளியே மட்டும்தான். உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சிமென்ட்டே இல்லை. இன்று நாம் பூசும் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்!

எத்தனை முறை சொல்வது? மணற்கல் தண்ணீர் குடிக்கும். குடித்ததை வெளியே விட்டாக வேண்டும். சாந்து கல்லைவிட மென்மையாக இருப்பது குறையன்று, அதன் வேலையே அதுதான். ஈரம் இடுக்கு வழியே வெளியேறும், உப்பும் அங்கேயே பூக்கும், உதிர்வதும் சாந்தாகவே இருக்கும். உதிர்ந்த சாந்தை மறுபடி பூசலாம். உதிர்ந்த கல்லை? சிமென்ட் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லுக்குள்ளேயே தங்குகிறது. அடுத்து உறைபனி வந்தால் அந்த ஈரம் பனிக்கட்டியாகி விரிந்து கல்லை உடைக்கும். மீதியையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

சுரண்டிச் சுத்தம் செய்பவர்களும் கேளுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டர்ஹாமின் வெளிச்சுவர்களைச் சீர்படுத்துவதாகச் சொல்லி, அங்குலக் கணக்கில் செதுக்கித் தள்ளினார்கள். நார்மன் கொத்தர்களின் உளித்தடம் அத்தோடு போயிற்று.

இங்கே இங்கிலாந்தில் பழைய கல்வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு: சுவரில் ஈரம் என்றால் முதலில் கூரையோர மழைநீர்த் தாரையில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள், பாதி நோய் அதுதான். நீர்புகாப் பூச்சு வேண்டாம். இடுக்கைச் சுரண்ட மின்வாளை எடுக்கும் கொத்தனாரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அரசின் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம், நினைவிருக்கட்டும். சுண்ணாம்பு வேலையை உறைபனிக் காலத்தில் செய்யச் சொல்லி நெருக்காதீர்கள். வசந்தம் வரை பொறுங்கள், பூசியபின் ஈரச்சாக்கு போட்டு மூடிவையுங்கள். தயவுசெய்து.