குருவித் தலையில் பனங்காய்: மார்க்கருக்குக் கழுத்து வாங்கும் முன்

துண்டில் சுற்றிய பெயிண்ட்பால் மார்க்கர் ஒன்று, பழுது பார்க்க என் மேசைக்கு வந்தது. பெயிண்ட் உருண்டையைக் காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியைத்தான் மார்க்கர் என்போம். கொண்டு வந்தவர் முகத்தைப் பார்த்தாலே கதை பாதி புரிந்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினியக் கழுத்து வாங்கியிருக்கிறார். ஒன்றரைச் சுற்று நன்றாக ஏறியதாம், அப்புறம் நின்றுவிட்டதாம். "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது போல" என்று இடுக்கியால் பிடித்துத் திருகியிருக்கிறார். புதுக் கழுத்தில் இடுக்கியின் பல்தடம். மார்க்கர் உடம்பில் மரை பாதி உரிந்து, மீதி சாய்ந்து நின்றது. நம் ஊர்ப் பேச்சில் 'மரை கழன்றது' என்றால் வேறு பொருள். ஆனால் அன்று கழன்றது இயந்திரத்தின் மரை மட்டும்தான். பாவம், அவர் நல்ல மனிதர்.

ஃபீட் நெக் என்று கடையில் சொல்வதை நாங்கள் கழுத்து என்றே சொல்வோம். மார்க்கரின் முதுகில் செங்குத்தாக நிற்கும் சின்னக் குழாய் அது. அதன் மேல்தான் ஹாப்பர், அதாவது உருண்டைகளை நிரப்பும் டப்பா, உட்காரும்; அதன் வழியாகத்தான் பெயிண்ட் உருண்டைகள், அவற்றை முன்னே தள்ளும் தண்டான போல்ட்டின் முன்னால் இறங்கும். உருண்டை பாயும் குழலான பேரலுக்கும் முகமூடிக்கும் நாள்கணக்கில் யோசிப்பவர்கள்கூடக் கழுத்தை நிறம் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான 0.68 காலிபர் (0.68 அங்குல விட்டம்) உருண்டை ஏறத்தாழ 3 கிராம். ஹாப்பரில் 200 உருண்டை போட்டால் 600 கிராம். ஹாப்பரின் எடையும் பேட்டரியும் தனி. இவ்வளவையும் மேலே வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் ஓடுகிறார், சறுக்குகிறார், முட்டி போட்டு விழுகிறார். குருவித் தலையில் பனங்காய்தான்.

ஆட்டம் தொடங்கிய காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1981 ஜூனில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் காட்டுக்குள் இறங்கி முதல் ஆட்டம் ஆடியபோது கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. மரங்களுக்கும் மாடுகளுக்கும் பெயிண்ட் அடையாளம் போடச் செய்த துப்பாக்கி அது. சிறு குழாயில் உருண்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைச் சாய்த்து ஒன்றை உருட்டிவிட வேண்டும். ஹாப்பர் வந்த பிறகுதான் அதைத் தாங்க ஒரு கழுத்து தேவைப்பட்டது.

சரி, தேர்வுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது மரை.

எல்லா மார்க்கருக்கும் பொதுவான மரை என்று ஒன்று கிடையாது. ஆட்டோகாக்கர் மரை, ஏஞ்சல் மரை என்று பழைய மார்க்கர்களின் பெயரிலேயே கழுத்துகள் விற்கின்றன. தனக்கென்று சொந்த மரை வைத்திருக்கும் மார்க்கர்களும் உண்டு. சிலவற்றில் கழுத்தும் உடம்பும் ஒரே வார்ப்பு, மாற்றவே முடியாது. டிப்மன் ஏ-5 போல வேறு வகையான ஊட்டும் அமைப்பு உள்ள மார்க்கரில் இந்தப் பேச்சே எழாது. அங்கே ஹாப்பர் நேராகச் சைக்ளோன் பெட்டியில்தான் அமரும். இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். "என் பேரல் ஆட்டோகாக்கர் மரை, அதனால் கழுத்தும் அதுதான்" என்பார்கள். பேரல் மரையை வைத்துக் கழுத்தின் மரையை ஊகிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு துளைகள். கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் பழைய கழுத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஏற்றும்போது விரலால் மட்டும் ஏற்றுங்கள். முதலில் பின்பக்கமாக, மெதுவாகத் திருப்பினால் மரையின் முனை 'டக்' என்று ஓரிடத்தில் விழும். அங்கிருந்து முன்பக்கம் திருப்புங்கள். சரியான மரை என்றால் கடைசிவரை விரலுக்கே இணங்கும். இரண்டாவது சுற்றில் முரண்டு பிடித்தால் அது இறுக்கம் அல்ல, மரை மாறிப் போயிருக்கிறது. அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. மணல் இல்லாமல் துடைத்து, துளி கிரீஸ் தடவி ஏற்றினால் பின்னாளில் கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். பெரும்பாலும் அது நான்தான். தானாகக் கழல்கிறது என்று மரைப் பசை போடுபவர்கள், கழற்றக்கூடிய மென்மையான வகையைப் போடுங்கள். சிவப்பு நிறத்தில் வரும் நிரந்தரப் பசையைப் போட்டுவிட்டு வந்தால் சூடு காட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சூட்டை உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தாங்காது.

மரை பொருந்திவிட்டால் அடுத்தது உயரம். இதில்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. போட்டி ஆட்டக்காரர்கள் குட்டைக் கழுத்தைத்தான் கேட்பார்கள். காரணம் எளிது. எதிரியின் உருண்டை ஹாப்பரில் பட்டாலும் ஆட்டம் போச்சு; பங்கருக்கு (மறைந்து நிற்கும் தடுப்புக்கு) மேலே எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. அவர்கள் ஹாப்பரில் மோட்டார் இருக்கிறது, உருண்டைகளைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் குட்டைக் கழுத்தில் சிக்கல் இல்லை.

அதைப் பார்த்து, மோட்டார் இல்லாத சாதா ஹாப்பர் வைத்திருப்பவரும் குட்டைக் கழுத்து வாங்குகிறார். அங்கேதான் கோளாறு. சாதா ஹாப்பரில் உருண்டையைத் தள்ளுவது அதன் மேலே நிற்கும் மற்ற உருண்டைகளின் எடை மட்டும்தான். கழுத்து உயரமாக இருந்தால் நாலைந்து உருண்டைகள் அடுக்காக நின்று கீழே இருப்பதை அழுத்தும். கழுத்தைக் குறைத்தால் அந்த அடுக்கும் குறைகிறது. ஹாப்பரின் வாயில் உருண்டைகள் ஒன்றோடொன்று முட்டிப் பாலம் கட்டி நின்றுவிட்டால் கீழே வருவதற்கு ஆளில்லை. பாதி இறங்கிய உருண்டையின் மீது போல்ட் பாய்ந்தால் அது நறுக்கப்பட்டு, உள்ளே முழுக்கக் கூழாகிவிடும். மோட்டார் இல்லாத ஹாப்பரா, இயந்திர டிரிகர் மார்க்கரா? உயரமான கழுத்தை விட்டுவிடாதீர்கள். அழகு கொஞ்சம் குறையட்டும்.

குட்டையாக்கும் ஆசையில் இன்னொன்றும் நடக்கிறது. ஹாப்பரின் வயிறு மார்க்கரின் பின்பக்கத்தில் முட்டி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் ஹாப்பரின் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குள் பாதிதான் போயிருக்கும். முதல் சறுக்கலிலேயே பறந்துவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் ஹாப்பரையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். குழாய் உள்ளே இருக்கும் விளிம்பு வரை இறங்க வேண்டும். அந்த விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஹாப்பர் குழாயின் உட்சுவரும் கழுத்தின் உட்சுவரும் சேருமிடத்தில் படிக்கட்டுபோல ஒரு மேடு இருந்தால் உருண்டை அங்கே தட்டும். 0.50 காலிபர் உருண்டை போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அகலமான கழுத்தில் சின்ன உருண்டை நேர்க்கோட்டில் நிற்காது, பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு அடைக்கும். அதற்கான உட்குழாய் போட்டே ஆக வேண்டும்.

பிடிப்பு எப்படி என்பது மூன்றாவது கேள்வி. லீவர் வைத்த கிளாம்ப் வேண்டுமா, ஆலன் கீ (ஆறுமுகச் சாவி) போட்டு இறுக்கும் திருகு வேண்டுமா? சொந்த மார்க்கர், அடிக்கடி ஹாப்பரைக் கழற்றித் துடைப்பவர், லீவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் லீவரைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. லீவரைத் திறந்து, ஹாப்பரை வைத்து, பக்கத்திலிருக்கும் சின்னக் குமிழைத் திருகுங்கள். ஹாப்பரைச் சுழற்றினால் லேசாகத் தடுக்கிற அளவு வந்ததும் நிறுத்துங்கள். இப்போது லீவரை மூடுங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் மூட வேண்டும். உள்ளங்கையை வைத்து உடம்பைக் கொடுத்து அழுத்துகிறீர்கள் என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். உடையப்போவது அலுமினியக் கழுத்து அல்ல, பிளாஸ்டிக் ஹாப்பரின் குழாய். அதன் விரிசல் முடி போல மெல்லிதாக ஆரம்பிக்கும். துடைக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோதனை ஒன்று சொல்கிறேன். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஹாப்பரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மார்க்கரும் சேர்ந்து திரும்பினால் பிடிப்பு போதும். ஹாப்பர் மட்டும் சுழன்றால் போதாது. ஆனால் இறுக்குவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். உருண்டைக்குள் இருப்பது பாலிஎதிலீன் கிளைகால் கலந்த திரவம், எண்ணெய் போல வழுக்கும். வெளித்தோல் ஜெலட்டின். இரண்டும் வெதுவெதுப்பான நீரில் கரையும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உலர விட்டு மறுபடி வைத்தால் 'தேய்ந்துபோன கிளாம்ப்' உயிர் பெற்றுவிடும். இப்படி உயிர் பெற்றவை என் மேசையில் நிறைய.

லீவர் எந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். மரை முடியும் இடத்தைப் பொறுத்து அது மாறும். கன்னத்தை ஒட்டி நின்றால் முகமூடியில் இடிக்கும், சட்டையில் மாட்டினால் தானே திறந்துகொள்ளும்.

கழுத்தை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: "சுடும்போது உருண்டை மேலே குதிக்கிறதா?" குதிக்கிறது என்றால் கழுத்து நிரபராதி. போல்ட்டின் ஓ-ரிங் தேய்ந்து, பேரலுக்குள் போக வேண்டிய காற்று கழுத்து வழியாக மேலே ஊதுகிறது. அந்தக் காற்று அடுத்த உருண்டையைத் தூக்கிவிடுகிறது. எவ்வளவு நல்ல கழுத்து வாங்கினாலும் அது குதிக்கத்தான் செய்யும். பத்து நிமிட வேலை, ஒரு சின்ன வளையம். ஈரம் ஏறி உப்பிய உருண்டைகளும் இதேபோல் கழுத்தின் மீது பழி போடும். 17.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஊறிப் பெருத்தால் எந்தக் குழாயில் இறங்கும்?

மேலே குதிப்பதைப் பார்க்கத்தான் பலர் செய்யக்கூடாததைச் செய்கிறார்கள். ஹாப்பரைக் கழற்றிவிட்டு, முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, கழுத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். காற்று இன்னும் ஏறித்தான் இருக்கிறது! ஹாப்பரை எடுத்துவிட்டால் மார்க்கர் காலி என்ற நினைப்பு தவறு. போல்ட்டின் முன்னாலுள்ள அறையில் ஓர் உருண்டை இருக்கும். மைதானங்களில் பொதுவாக அனுமதிக்கும் மேல் வரம்பான விநாடிக்கு 300 அடியில் அந்த 3 கிராம் உருண்டைக்கு ஏறத்தாழ 12 ஜூல் ஆற்றல். கண் தாங்கும் அடி அல்ல அது. கழுத்து வழியாகத் தெறிக்கும் தோல் துண்டுகூடக் கண்ணைப் பதம் பார்க்கும். விரலை உள்ளே விட்டு அடைப்பைக் கிளறுபவர்களும் உண்டு. போல்ட் முன்னால் பாய்ந்தால் விரல் நடுவில் மாட்டும். நகம் கறுத்துப்போன ஒருவருக்கு ஐஸ் வைத்துவிட்ட அனுபவம் எனக்கு இருக்கிறது.

கழுத்தில் கை வைக்கும் முன் முகமூடி முகத்தில் இருக்கட்டும். ஹாப்பரை எடுங்கள். ஆளில்லாத பக்கம் தரையைப் பார்த்துச் சுட்டு அறையைக் காலி செய்யுங்கள். பிறகு காற்றுச் சிலிண்டரை மெதுவாகத் திருகித் தளர்த்தி, மிச்சக் காற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டு முழுதாகக் கழற்றுங்கள். கழற்றும்போது சிலிண்டரும் அதன் வால்வும் சேர்ந்தே சுழல வேண்டும். சிலிண்டர் மட்டும் சுழன்று வால்வு மார்க்கரிலேயே நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அழுத்தம் நிறைந்த சிலிண்டர் வால்விலிருந்து பிரிந்தால் ராக்கெட்தான். அடுத்த முறை கண்ணில் படுவதற்காக, வால்வின் மீதும் சிலிண்டரின் மீதும் ஒரே கோடாக நகப்பூச்சு தீட்டி வைப்பது நல்ல பழக்கம்.

வாடகை மைதானம் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. வாடகை மார்க்கரில் லீவர் கிளாம்ப் போடாதீர்கள். ஒரு மைதானத்தில் நாற்பது மார்க்கருக்கும் அழகாக லீவர் கழுத்து மாற்றினார்கள், நானும் அப்போது தடுக்கவில்லை. முதல் வாரக் கடைசியிலேயே பள்ளிப் பிள்ளைகள் "இது எதற்கு?" என்று லீவரைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். ஹாப்பர் விழுந்து உருண்டைகள் சிதற, ஒரு பையன் அதைப் பொறுக்கக் குனிந்தான். கீழே சரியாகத் தெரியவில்லை என்று முகமூடியை உயர்த்தினான். நடுவர் பாய்ந்து போய் அவன் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் முதுகில் மூன்று உருண்டை உடைந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரமே நாற்பதையும் கழற்றி, பழைய ஆலன் திருகு கழுத்தைத் திரும்பப் போட்டோம். ஹாப்பரை மைதானத்துக்குள் யாராலும் கையால் கழற்ற முடியாது. ஆலன் கீ நடுவர்களிடம் மட்டும். தொலைக்கக் கூடாது என்பதற்காகக் கயிற்றில் கட்டி அவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள்.