ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை: சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் போவது, நாட்டு மீன் வளர்க்க என்ன கிடைக்கும்

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்த்தால் நடவடிக்கை என்று ஏதாவது ஒரு மாவட்ட கலெக்டர் அலுவலகத்தில் இருந்து அவ்வப்போது அறிக்கை வரும், பேப்பரில் நாலு வரி வரும், அதோடு சரி. ஏன் தடை, தடை யாருக்கு, பக்கத்துக் கொல்லையில் ஒருவர் குட்டை வெட்டி வளர்த்தால் நாம் என்ன செய்யலாம், மீன் வளர்த்துத்தான் பிழைக்க வேண்டும் என்பவருக்கு வேறு என்ன வழி, இதையெல்லாம் அந்த நாலு வரியில் யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தடை. இந்த மீன் முறையான அனுமதி வாங்கி இந்தியாவுக்கு வந்தது இல்லை. 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாக மேற்கு வங்கத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து குஞ்சு வியாபாரிகள் கைமாற்றிக் கைமாற்றி தெற்கு வரை வந்துவிட்டது. 1997 டிசம்பரிலேயே மத்திய வேளாண் அமைச்சகம் இதை வளர்க்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பதையும் அழிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019-ல் அழிக்கச் சொன்னது. குஞ்சு பொரிக்க வைப்பது, வளர்ப்பது, வண்டியில் ஏற்றிப் போவது, விற்பது எல்லாமே தடைக்குள் வரும். சொந்த நிலம், சொந்தக் கிணறு, சொந்தக் குட்டை என்று சொல்லித் தப்ப முடியாது. 'தாய்லாந்து மாகூர்', 'ஹைபிரிட் கெளுத்தி' என்று என்ன பெயர் வைத்து விற்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே மீன்தான். குஞ்சு கொண்டுவருகிறவர் "அண்ணே, இது அந்த மீன் இல்ல, இதுக்குத் தடை கிடையாது" என்பார். பில் கேளுங்கள், எந்தப் பொரிப்பகத்தில் எடுத்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

அடையாளம் கண்டுபிடிப்பது பலர் நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. ஏரியில் கிடைக்கும் நம் சாதாரணக் கெளுத்தியைக் கையில் எடுத்தால் முதுகில் ஒரு முள் விறைத்து நிற்கும், குத்தினால் கடுக்கும். வாலுக்கு முன்னால் முதுகில் சதைப்பற்றாக இன்னொரு சின்னத் துடுப்பும் இருக்கும். ஆப்பிரிக்கனுக்கு இந்த இரண்டும் கிடையாது. தலைக்குப் பின்னால் தொடங்கி வால் பக்கம் வரை முதுகில் ஒரே நீளத் துடுப்பு, அதில் முள்ளே இல்லை. தேளி என்ற இன்னொரு நாட்டு மீனுக்கு முதுகுத் துடுப்பு விரல் நுனி அளவுதான், ஆகவே அதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழப்பம் வருவது நம் தண்ணீரிலேயே இருக்கும் இன்னொரு கெளுத்தி வகையான நாட்டு மாகூரோடு மட்டும்தான், அதற்கும் இதே மாதிரி நீளத் துடுப்பு உண்டு. அங்கே தலையைத் திருப்பிப் பாருங்கள். நாட்டு மாகூரின் மண்டை எலும்பு பின்பக்கம் ஒரே முனையாகக் குவிந்து முடியும், ஆப்பிரிக்கனுக்கு வளைந்து வளைந்து மூன்று முனையாக இருக்கும். அப்புறம் அளவு. நாட்டு மாகூர் ஒன்றரை அடியைத் தாண்டுவது அபூர்வம். மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று சொல்லி ஒரு மாகூரைத் தூக்கிக் காட்டினால் அது நம் மீன் இல்லை.

பண்ணைக்காரர்கள் இதன் பக்கம் போவதற்குக் காரணம் வெளிப்படையானது. எதைப் போட்டாலும் தின்னும், கோழிக்கடைக் கழிவு இலவசமாகவே கிடைக்கும், ஆறேழு மாதத்தில் கிலோ எடைக்கு வந்துவிடும், தண்ணீர் எவ்வளவு கெட்டாலும் சாகாது. செவுளோடு சேர்ந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்று இதற்கு உண்டு, அதனால் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுக் கீழே போய்விடும். ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும். கோழிக் குடல் அழுகிய தண்ணீரைத் திறந்துவிடும்போது பக்கத்துக் கிணறும் போர்த் தண்ணீரும் நாறுவதுதான் ஊர்க்காரர்களுக்கு முதலில் தெரியவரும்.

இப்போது மழைக்கும் வெயிலுக்கும் வருகிறேன், ஏனென்றால் 1997-ல் இந்த உத்தரவு போட்டபோது இருந்த நிலைமை வேறு, இப்போது இருப்பது வேறு. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர் 30 டிகிரியில் 7.5-ஐத்தான் பிடிக்கும். சித்திரை வைகாசியில் ஏரி வற்றி மடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்போது, மிச்சம் இருக்கும் கெண்டை, அயிரை, உளுவை, ஆரால் எல்லாம் அந்த ஒரே மடுவில்தான் அடைக்கலம். அடுத்த மழைக்குப் பெருகப்போகிற விதை மீன் அதுதான். அந்த மடுவில் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, சேற்றுக்குள் புதைந்துகொண்டு, இரவெல்லாம் தின்கிற ஒரு பெரிய மீன் நாலு இருந்தாலே போதும், அந்த விதை மீன் காலி. விராலும் காற்றைச் சுவாசிக்கும்தான், ஆக்சிஜன் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் கூட்டமாகச் செக்கச்செவேல் என்று மேலே திரியும் அதன் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் எவ்வளவுதான் காவல் காத்தாலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது.

வெயில் ஒரு பக்கம், வெள்ளம் இன்னொரு பக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் கடலோரமே இல்லாத ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. இப்படி ஒரு மழையில் எந்தப் பண்ணைக்குட்டையின் கரை நிற்கும்? ஒரு குட்டை உடைந்தால் ஓடை, ஓடையில் இருந்து வரத்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து ஏரி, கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி. நம் ஏரிகள் சங்கிலியாக ஒன்றோடொன்று கோத்து வெட்டப்பட்டவை, மேல் ஏரியில் விழுந்த மீன் கடைசி ஏரி வரை போகும். அதிலும் நாட்டு மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு ஏறுவதும் அதே புது வெள்ளத்தில்தான். கேரளாவில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு தென் அமெரிக்க மீனான அரபைமாவே சாலக்குடி ஆற்றில் வலையில் விழுந்தது. வளர்ப்பவர் எவ்வளவு பொறுப்பானவர் என்பது இங்கே ஒரு கேள்வியே இல்லை. வெள்ளம் வந்தால் அவர் கையில் எதுவும் இல்லை.

சரி, ஏரியில் ஏற்கெனவே வந்துவிட்டது, மருந்து போட்டுக் கொன்றுவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 5-வது பிரிவு மீன் பிடிக்கவோ கொல்லவோ தண்ணீரில் விஷம் கலப்பதைக் குற்றம் என்கிறது, 4-வது பிரிவு வெடி போடுவதை. மூலச் சட்டத்தில் அதற்கு இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்துத் தொகை, இன்றைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், அதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் தொகையை விடுங்கள். தண்ணீரைக் கெடுத்தால் முதலில் மிதப்பது செவுளை மட்டுமே நம்பி இருக்கும் நம் மீன்கள்தான், காற்றுக் குடிக்கும் மீன் கடைசியில்தான் சாகும், சாகாமலும் போகும். கோடையில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு, கச்சா, ஊத்தா போன்ற மீன்பிடிக் கருவி கொண்டு துழாவி, பிடிபடும் ஒவ்வொன்றையும் வெளியே எடுப்பதுதான் வழி. மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊர்களில் இதை ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்து அறிவிக்கலாம். பிடிபட்டதைத் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது, உயிரோடு வாளியில் கொண்டுபோய் வேறு கிணற்றில் விடவும் கூடாது.

புகார் எங்கே? மாவட்டத்தில் உள்ள மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகம்தான் முதல் இடம். பண்ணையைப் பார்வையிட்டு மீனை அழிக்க வைக்கும் வேலை அவர்களுடையது. அங்கே அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம். கோழிக் கழிவு நாற்றமும் தண்ணீர் கெடுவதும் சேர்ந்திருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். மனுவில் 'எங்கள் ஊரில் சிலர் வளர்க்கிறார்கள்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. கிராமம், புல எண், குட்டை எத்தனை, எந்த ஓடைக்கோ ஏரிக்கோ எவ்வளவு தூரம், முடிந்தால் மீனின் முதுகுத் துடுப்பும் தலையும் தெரியும்படி ஒரு போட்டோ, இவ்வளவும் இருக்கட்டும். மனு கொடுத்த ரசீதை வாங்காமல் வராதீர்கள். பிறகு என்ன நடவடிக்கை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க அந்த எண் வேண்டும்.

வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மீனை வைத்திருந்தால் துறை வந்து அழிக்கும்போது நஷ்டம் முழுக்க உங்களுடையது, தடை செய்த இனத்துக்கு மானியமும் கேட்க முடியாது. ஆனால் அனுமதிக்கப்பட்ட மீனுக்கு மானியம் இருக்கிறது. பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா 2020-ல் தொடங்கி 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட திட்டம். அந்தக் காலத்துக்கு அதில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். ஒரு ஹெக்டேர் புதுக் குளம் வெட்ட 7 லட்சம், குஞ்சு, தீவனம் போன்ற உள்ளீட்டுக்கு 4 லட்சம் என்று அலகுத் தொகை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் குளத்துக்கு 2.8 லட்சம் அல்லது 4.2 லட்சம், உள்ளீட்டுக்கு 1.6 லட்சம் அல்லது 2.4 லட்சம் வரும். நீங்கள் பத்து லட்சம் செலவழித்தாலும் கணக்கு அந்த 7 லட்சத்துக்குத்தான். இது பின்னேற்பு மானியம், அதாவது முதலில் கைக்காசு போட்டு வேலையை முடிக்க வேண்டும், ஆய்வுக்குப் பிறகுதான் பணம் வரும். வட்டிக்கு வாங்கிச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே இந்த ஆண்டு திட்டமும் ஒதுக்கீடும் இருக்கிறதா, பணி ஆணை எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் மண்வெட்டியை எடுங்கள். ஆதார், நிலப் பத்திரம் அல்லது குத்தகைப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையில் பதிவும், 2024-ல் வந்த தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிவும் செய்துவிட்டால் அடுத்தடுத்த திட்டங்களுக்கும் உதவும்.

எந்த மீன் என்று கேட்டால், கட்லா, ரோகு, மிர்கால் எல்லோரும் சொல்வது. அவை கங்கைப் பக்கத்து மீன்கள், நம் ஆற்று மீன்கள் இல்லை, இருந்தாலும் ஆப்பிரிக்கன் செய்கிற நாசத்தைச் செய்யாதவை. என்னைக் கேட்டால் விராலைப் பாருங்கள் என்பேன். விலை நன்றாக இருக்கிறது, நாட்டு மீன் என்பதால் கரை உடைந்து தப்பினாலும் நம் ஏரிக்குத்தான் போகும். கிஃப்ட் திலேப்பியா, பங்கேசியஸ் என்ற வெளிநாட்டு மீன்களை வளர்க்க நிபந்தனையோடு அனுமதி உண்டு, முன்கூட்டியே துறையிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். எதை வளர்த்தாலும் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குச் சின்னக் கண் வலை கட்டுங்கள், வெள்ள மட்டத்துக்கு மேலே கரையை உயர்த்துங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மக்கள் பல்லுயிர் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்திலும் காகிதத்திலாவது ஒரு குழு இருக்கும். கிராம சபையில் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், மீன் என்ற தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முப்பது வருஷமாக வலை வீசுகிற பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த ஏரியில் எந்த மீன் இருந்தது, எது எந்த வருஷத்தோடு நின்றுபோனது, வெளியூர் மீன் எப்போது வலையில் விழ ஆரம்பித்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். மீன்பாசி, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விடும்போது ஏலம் எடுப்பவர் தடை செய்த குஞ்சை விடக் கூடாது என்ற நிபந்தனையை அறிவிப்பிலேயே எழுதக் கேட்பதற்கும் அதே கிராம சபைதான் இடம். தீர்மானம் போட்டு, நகல் வாங்கி, உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.