ரெக்ரூட்மென்டுக்குத் தமிழில் தலையெடுப்பு

மீன்வளப் பாடத்தில் ரெக்ரூட்மென்ட் என்ற சொல் அடிக்கடி வரும். தமிழாக்கத்தில் அதை 'ஆட்சேர்ப்பு' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அலுவலகத்துக்கும் படைக்கும் அது சரி. குளத்து மீனுக்கு ஒட்டாது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதன் அடிப்பொருள் 'மறுபடி வளர்தல்'. அதற்கும் பின்னால், வளர்வதைக் குறிக்கும் 'க்ரெஸ்கெரே' என்ற இலத்தீன் வினை இருக்கிறது. படைக்குப் புது ஆள் எடுப்பது பிறகு ஏறிய பொருள். மீனுக்கு வேண்டியது அந்தப் பழைய பொருள்தான்.

பொரித்த குஞ்சு எல்லாம் இந்தக் கணக்கில் வராது. கொக்குக்கும் விராலுக்கும் தப்பி, வலையில் படும் அளவுக்கு வளர்ந்து, பிடிபடக்கூடிய கூட்டத்தோடு சேர்கிற மீன்தான் கணக்கு. மீன்வள அறிஞர் ஈ. எஸ். ரசல் 1931இல் இதை எளிய சமன்பாடாக எழுதினார். புதிதாகச் சேர்வதும் இருக்கிற மீன் வளர்வதும் வரவு. நாம் பிடிப்பதும் தானாகச் சாவதும் செலவு. வரவுக்குள் செலவு நிற்கும்வரை குளம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இலங்கையின் வன்னியில் இருக்கும் வவுனிக்குளத்தின் அணைக்கட்டில் ஒருநாள் காலை ஓர் ஐயா வலையிலிருந்து கெளுத்திகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். விரல் நீளம்கூட இல்லை. வலைக்கண்ணுக்குள்ளால் நழுவிப் போயிருக்க வேண்டிய மீன்கள். ஆனால் கெளுத்திக்குப் பக்கத்து முள் விரிந்து பூட்டிக்கொள்ளும்; நூல் அதில் சுற்றிவிட்டால் பிறகு மீள முடியாது. அவர் குறட்டால் முள்ளை ஒடித்து ஒடித்து எடுத்தார். திலாப்பியாவுக்குப் பொருந்துகிற வலைக்கண் அளவு கெளுத்திக்குப் பொருந்தாது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"போன மாரி சரியில்லைத் தம்பி, கெளுத்தி தலையெடுக்கேல்ல" என்றார்.

நான் தேடிய சொல் அதுதான். பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்றால், பிறந்துவிட்டான் என்றா சொல்கிறோம்? தப்பி வளர்ந்து, ஆளாகி, வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டான் என்கிறோம். ரெக்ரூட்மென்ட் சொல்வதும் அதையேதான். அதனால் 'தலையெடுப்பு' என்றே எழுதலாம். தலையெடுப்பு வீதம், தலையெடுப்பு குறைந்த ஆண்டு என்று மற்றதும் இயல்பாக வரும். 'புதுவரவு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் அது நாம் கொண்டுவந்து விடும் குஞ்சையும் சேர்த்துக்கொள்ளும். விட்ட குஞ்சு வேறு, தலையெடுத்த மீன் வேறு.

வன்னிக் குளங்களில் விடப்படுபவை பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டை இனங்களும். கெளுத்தி, வாளை, சுங்கான் எல்லாம் மாரியை நம்பியவை. ஐப்பசி கார்த்திகையில் புதுவெள்ளம் வரும்போது, முட்டை நிறைந்த வயிற்றோடு அவை எதிர்நீரில் ஏறும். குளம் நிரம்பி, மிகை நீர் வழியும் வான் பாயும் அந்த நாட்களில்தான் வானடியில் அத்தாங்கு என்ற கைவலையோடு கூட்டம் நிற்கும். அங்கே அள்ளிப்போவது அடுத்த ஆண்டின் தலையெடுப்பை. அந்தச் சில நாட்களாவது வானடியை மீனுக்கு விட்டுவிடுங்கள்.